எந்த வாயிலில் நிற்பது?

வழக்குரை காதையை நாம் இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகின்றோம். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து. அம்முத்து நம் கொற்கைத் துறையில் குளித்ததாகவே இருக்கும் என்று பெருமிதத்தோடு சேர்த்துச் சொல்வதும் நம் வழக்கம். சென்ற பருவத்தில் திருச்செந்தூர் அமலிநகரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, இத்தாலிக் கப்பலிலிருந்து நம் மீனவர்களைச் சுட்டார்களே, அந்த வீட்டார் எந்த அரசன் வாயிலில் போய் நிற்பது?" என்றார். நாம் உடனே விடை கூறவில்லை. பாடவேளை மணி அடித்து நம்மைக் காத்தது என்பதை ஒளிப்பானேன்?

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 20 கடல் மைல் தொலைவில், 'செயின்ட் ஆண்டனி' படகில் இருந்த மீனவர் இருவர், 'என்ரிக்கா லெக்ஸி' என்னும் எண்ணெய்க் கப்பலிலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். ஒருவர் கொல்லத்தார்; மற்றவர் நம் குமரி மாவட்டத்தார். கப்பலுக்குக் காவலாக வந்த இத்தாலியக் கடற்படை வீரர் இருவர் மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. படகில் வந்தவர்களைக் கடற்கொள்ளையர் என்று கருதியதாக இத்தாலித் தரப்பு கூறிற்று.

2015இல் இத்தாலி, 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையின்படி நடுவர் மன்றத்தை நாடிற்று. ஐவர் அடங்கிய அம்மன்றத்தின் தீர்ப்பு 2020 ஜூலையில் வெளியாயிற்று. இந்தியாவின் கடற்செலவு உரிமையை இத்தாலி மீறியது, இழப்பீடு தரவேண்டும். ஆயினும் அவ்வீரர்கள் தம் அரசின் பணியில் இருந்தவர்களாதலின் இந்தியா அவர்களை விசாரிக்க இயலாது. இப்பின்னதை மூவர் ஏற்க, இருவர் மறுத்தனர். இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்திய பின், 2021 ஜூன் 15 அன்று நம் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. மாண்டவர் குடும்பங்களுக்குத் தலைக்கு 4 கோடி. படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2022 ஜனவரியில் ரோம் நகர நீதிபதியும் போதிய சான்றில்லை என்று அங்குள்ள விசாரணையை மூடிவிட்டார்.

நம் நெஞ்சை உறுத்துவது தொகையன்று. அம்மன்றத்தில் வழக்காடியவை இரண்டு அரசுகள். மாண்டவனின் மனைவி தானே சென்று முறையிட அங்கு வழியில்லை. மனுநீதிச் சோழன் வாயிலில் பசுவுக்கும் ஒரு மணி இருந்தது! 1758இல் வாட்டெல் என்னும் சுவிஸ் அறிஞர், நாடுகளின் சட்டம் பற்றிய தம் நூலில் பஹ்ரைன், இலங்கை முத்துப்படுகைகள் ஒருவர்க்கு உடைமையாகலாம் என்று எழுதினார். நமக்கு எதிர்க்கரை முத்து அச்சட்டத்திற்கு அன்றே தெரியும். முத்துக் குளித்தவன் யாரென்று அது கேட்டதில்லை.

ஆயினும் இம்மன்றங்களை வெறும் மேடை என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. 2014இல் இத்தகைய மன்றமொன்று, வங்கக்கடலில் வழக்கிலிருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467ஐ வங்கதேசத்துக்கு அளித்தது. இந்தியா அதனை ஏற்றது. 2016இல் பிலிப்பைன்ஸ் பெற்ற தீர்ப்பையோ சீனா புறக்கணித்தது. காவற்படை இல்லாத மன்றத்திற்கு ஏற்பவரின் நாணமே படை.

மறுநாள் இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் கூறினோம். பொறுமையாகக் கேட்டவர், "அப்படியென்றால் சிலம்பை உடைத்துப் பார்க்கவே இல்லை, ஐயா" என்றார்.

நாம் மறுக்கவில்லை.