சங்கமே தணிக்கை செய்தபோது
சோவியத் எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு 1934-இல் மாஸ்கோவில் நடந்தது. வீடு, ஓய்வில்லம் முதலிய சலுகைகள் சங்கத்தின் வழியே கிடைத்ததால், உறுப்பினர் பதவி போனால் பிழைப்பும் ஆட்டம் கண்டது.

போரிஸ் பாஸ்டர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’ நாவல் உள்நாட்டில் மறுக்கப்பட்டு, 1957-இல் இத்தாலியில் வெளிவந்தது. 1958 அக்டோபர் 23-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நான்கே நாளில் சங்கம் அவரை நீக்கியது. பரிசையும் அவர் மறுக்க நேர்ந்தது.

தணிக்கையை ஒழிக்கக் கோரி 1967-இல் சங்க மாநாட்டுக்குக் கடிதம் எழுதிய சோல்செனித்சின் 1969-இல் நீக்கப்பட்டார். இருவருக்காகவும் குரல் கொடுத்த லிதியா சுகோவ்ஸ்கயா 1974-இல் வெளியேற்றப்பட்டார்.

பாஸ்டர்நாக்கின் உறுப்புரிமையைச் சங்கம் 1987-இல் திருப்பி அளித்தது. அவர் இறந்து அப்போது ஏறக்குறைய 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.