உட்கார வைத்துச் சோறு

"இனிமே நீங்க ஒன்னும் செய்ய வேணாம்மா. உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்."

2019இல், அறுபது வயது நிறைந்து பள்ளியிலிருந்து நான் ஓய்வுபெற்ற அன்று மகன் சொன்னது இது. தாயை உட்கார வைத்துச் சோறு போடுவதைவிடப் பெரிய மரியாதை நம் சனத்தில் கிடையாது. நானும் மரியாதையாக உட்கார்ந்தேன். அடுத்த ஆண்டே கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, உட்கார்ந்ததற்கு அரசாங்க முத்திரையும் குத்திவிட்டது. ஜோகூர் மாசாயில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டு சோபா என் உருவத்துக்குக் குழிந்துபோனது.

மூன்றாம் வருஷம் அரசாங்க கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்: இனிப்பு நீர் (நீரிழிவு). எனக்கு மட்டும் வந்ததல்ல என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். நான் ஓய்வுபெற்ற அதே 2019இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எண்ணினால் நூற்றுக்கு 31 பேர்.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய், நானூறுக்கு மேல் மரம் இருக்கும் நிரையை முடித்து, மங்குப் பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளி தொங்க மேடு இறங்கி வருவார். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. இரவில் முட்டிக்குக் கோடாலித் தைலம் தேய்க்கும்போது ஒரே பேச்சுதான்: "எம்மவளாச்சும் நாற்காலியில உட்கார்ந்து சம்பாதிக்கணும்." உட்கார்ந்தேன். அந்த நாற்காலி அவர் முதுகை ஒடித்து வாங்கிக் கொடுத்தது. அதுவே எனக்கு நோயாகிவிட்டது என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான். அவருக்கு ஓய்வு கிடைக்காதது கேடு; எனக்கு ஓய்வைத் தவிர வேறொன்றும் கிடைக்காதது கேடு.

உட்கார்ந்த உடம்பை அசைக்க எனக்குக் கிடைத்த வழி சைக்கிள். ஆனால் நான் வளர்ந்த தோட்டத்தில் சைக்கிள் ஆம்பளைச் சாமான். அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து பள்ளிக்குப் போயிருக்கிறேன். தம்பிகள் அதிலேயே குரங்குப்பெடல் போட்டுப் பழகினார்கள். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

என் அப்பாயி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அதனால் அந்த ஊர்ப் பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் படிப்பேன். அப்படித்தான் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதைப் படித்தேன். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்றுத் தரப் போனபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் அதோடு சேர்த்தார். கூலிப் பெண்களும் குவாரிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் வில்லார்ட் என்ற பெண் தலைவர் 53 வயதில் பழகி, 1895இல் அதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். இதைப் படித்தபோது எனக்கு 63. பத்து வருஷந்தானே கூட என்று தோன்றியது.

வாங்கியது தாழ்ந்த கம்பி உள்ள, சின்னச் சக்கர சைக்கிள். தாமான் பாடாங்கில் (திடலில்) மருமகள் பின்னால் பிடித்துக்கொள்ளப் பழகினேன்; மூன்றாம் நாள் விழுந்தேன். துப்பட்டாவின் நுனியைச் சங்கிலி தின்றிருந்தது. பந்து விளையாடிய மலாய்ப் பையன்கள் "மாக்சிக்! மாக்சிக்!" (அத்தை) என்று ஓடி வந்து துணியை உருவி எடுத்தார்கள். அன்றோடு துப்பட்டா போனது, தலைக்கவசம் வந்தது.

கீழே விழப் பயந்து சீட்டை இறக்கியே வைத்திருந்தேன். முட்டியின் முன்பக்கம் வலித்தது. வயசு என்று நினைத்தேன். வயசு இல்லை, சீட். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி லேசாக மடிந்திருக்க வேண்டும். உயர்த்திய பிறகு வலி குறைந்தது. கியரையும் இலகுவில் வைத்து, அழுத்தி மிதிக்காமல் வேகமாகச் சுழற்றப் பழகினேன்.

ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அரை மணி வீதம் ஐந்து நாள். 2025 முதல் ஜோகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதால் ஞாயிறு காலை மருமகளும் உடன் வருகிறாள். பாசிர் கூடாங் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே மாட்டேன். துறைமுக லோரிகளுக்கு என் மணிச்சத்தம் கேட்காது. 2017 பிப்ரவரியில் ஜோகூர் பாரு உள்வட்டச் சாலையில் நள்ளிரவு தாண்டி சைக்கிள் ஓட்டிய எட்டுப் பையன்கள் கார் மோதிச் செத்தார்கள். அதை இந்த ஊரில் எந்தத் தாயும் மறக்கவில்லை. என் ராஜ்ஜியம் தாமான் சந்துகளும் பாடாங்கும்தான்.

சைக்கிள் எல்லாவற்றையும் தராது. உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. எனவே மாலையில் நடக்கிறேன். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுகிறேன். மாத்திரை இன்னும் உண்டு. ஆனால் கோயிலில் தரையில் உட்கார்ந்தால், எழுப்பிவிட ஆள் தேடுவதில்லை.

ஆரம்பத்தில் மகனுக்கு வருத்தம்தான். "ஊர்ல என்னம்மா நினைப்பாங்க?" என்றான். "உட்காரத்தானேப்பா சொன்னே, சைக்கிள் சீட்டிலதானே உட்கார்ந்திருக்கேன்" என்றேன். சிரித்துவிட்டு டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தான்.

அம்மாவை உட்கார வைக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தாராளமாகச் சோறு போடுங்கள். சாப்பிட்ட தட்டை அவரே எழுந்து போய்க் கழுவட்டும்; தடுக்காதீர்கள்.