உவர்ச் சேற்றில் ஒரு தாய்

ஜூன் 14. பர்ன்ஹாம் ஓவரி, நார்ஃபோக்.

இங்கிலாந்தின் கீழ்க்கடற்கரையில், சமுத்திரம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் உவர்ச் சேற்றுவெளியில், நம் உப்பளங்களின் ஓரத்தில் உமரி என்று வழங்கும் செடிக்கு உறவான ஒன்று பசுந்தண்டுகளாய் முளைத்து நிற்பதைப் பார்த்தவாறே நடந்துகொண்டிருந்த நான், ஈர்க்குச்சியால் குத்தினாற்போன்ற துவாரங்களையும், அவற்றைச் சுற்றி உதிர்ந்துகிடந்த ஈரமண் துகள்களையும் கண்டு அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் காத்தபின் ஒரு வண்டு தலைநீட்டிற்று. ஓர் அரிசிமணியின் நீளம், கரிய மேனி, வயிற்றைப் பாதிகூட மறைக்காத குறுகிய செவ்விறகு மூடி. பிளேடியஸ் ஸ்பெக்டபிலிஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். ஆணுக்கு மார்பிலிருந்து முன்னோக்கி நீளும் கொம்பு உண்டு; நான் கண்டது கொம்பில்லாத பெண்.

ஜூன் 15.

இவ்வண்டின் வீடு பன்னீர்ச் செம்பைப் போன்றது. மேலே 2 மில்லிமீட்டர் சொச்சமே அகலமுள்ள கழுத்து. கீழே 5 மில்லிமீட்டர் அறை. அறைச்சுவரில் முட்டைக்கு ஒன்றாகத் தனித்தனிச் சிற்றறைகள். டிரிஸ்ட்ரம் வயட் 1986இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் அக்கழுத்தின் குறுக்கம் எத்தகைய காவல் என்பது எனக்கு விளங்கிற்று. ஜலம் மேலே பரவும்போது, உள்ளே அடைபட்ட காற்றும், நீர்ப்பரப்பின் இழுவிசையும் சேர்ந்து, அவ்வளவு சிறிய வாயின் வழியே வெள்ளம் இறங்கவொட்டாமல் தடுக்கின்றன. வண்டும் சேற்றைக் கொண்டு வாயிலை அடைத்துக்கொள்ளும்.

வெள்ளம் மட்டுமா பகை? ஓரங்குலம் தோண்டினால் சேறு கறுத்து, அழுகிய முட்டையாய் நாறுகிறது. அங்கே பிராணவாயு இல்லை. தாய் வீட்டைச் செப்பனிட்டுத் திறந்து வைத்திராவிடில் முட்டைகள் மூச்சின்றி மடியும். புழுக்களின்மேல் முட்டையிடக் காத்திருக்கும் குளவி ஒன்று. இராக்காலத்தில் இரைதேடி வரும் வேற்றின வண்டு வேறு. பூச்சிகளிற் பெரும்பாலானவை முட்டையிட்டதும் அகன்றுவிட, இதுவோ குஞ்சுப் புழுக்கள் தாமே வளை தோண்டப் பிரிந்து செல்லும்வரை உடனிருந்து, சேற்றின்மேல் படரும் நுண்பாசியைக் கொணர்ந்து அவற்றுக்கு ஊட்டுகிறது. டென்மார்க்கின் ஸ்காலிங்கன் தீபகற்பத்தில் இவ்வினத்து வண்டுகளை ஆராய்ந்து 1936இல் நூல் எழுதிய எல்லினோர் புரோ லார்சன் அம்மையாரை மனத்தால் வணங்கினேன். பலர் மிதித்துக் கடந்த சேற்றில் குனிந்து பார்க்கும் பொறுமை சாமானியமானதன்று.

கடலுக்குக் கரைகட்டி, இத்தகைய வெளிகளை வயலாக்கியது இந்நாட்டின் பழைய வழக்கம். அலை புகாத சேறு நாளடைவில் உப்பிழந்து புல்தரையாகும். பிறகு இத்தாய்க்கு அங்கே இடமில்லை. அதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஜூன் 16.

நேற்று அமாவாசை வெள்ளம். அந்திப்பொழுதில் வெளி முழுவதும் நீராயிற்று. இன்று விடியலில் நீர் வடிந்த பின், நான் குச்சி நட்டு அடையாளமிட்ட இடத்திற்குப் போனேன். சேறு வழுவழுவென்று, சுவடொன்றும் இல்லாமல் கிடந்தது. கால்மணி நேரம் சென்றிருக்கும். குச்சியருகே மண் அசைந்து, முதலில் ஒரு துகள், பின் இன்னொன்று வெளியே வந்து விழ, வாயில் திறந்தது.