திருடனுக்குப் பிடித்த கார்

கார் திருடன் என்றதும் நமக்கு பென்ஸ்தான் ஞாபகம் வரும். சினிமா பார்த்த கோளாறு. அசல் திருடன் நம்மைப் போல நடுத்தர வர்க்க ரசனைக்காரன், சார்! 2024-ல் ஆக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனி வெளியிட்ட அறிக்கைப்படி, டெல்லி வட்டாரத்தில் அதிகம் களவு போனவை மாருதி வேகன் ஆரும் ஸ்விஃப்ட்டும்தான். அமெரிக்காவிலும் பல வருஷம் முதலிடம் ஹோண்டா அக்கார்டுக்கு.

ஏன்? பென்ஸை ஓட்டிப் போனால் ஊரே பார்க்கும். வேகன் ஆரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? தவிர, முழுசாக விற்கவே வேண்டாம், பிரித்தாலே காசு. என்ஜினிலும் சேஸிஸிலும் நம்பர் இருக்கும். கதவுக்கும் பம்பருக்கும் ஏது ஜாதகம்? ரோட்டில் எது அதிகமோ, அதன் பாகத்துக்குத்தான் கிராக்கி.

எங்கள் புதுவாயலில் பக்கத்து வீட்டுத் தம்பி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போய்ப் பிழைக்கிறார். வண்டி? வேகன் ஆர்! ராத்திரி தெருவில்தான் நிற்கும். கூப்பிடு தூரத்தில் ஆந்திரா போகிற நெடுஞ்சாலை.

"நம்ம டப்பாவை எவன்ணே தொடுவான்?" என்பார். எனக்கு வயிற்றைக் கலக்கும். பென்ஸ்காரருக்குப் போவது கார் மட்டும். இவருக்குப் பிழைப்பே போய்விடும். இன்ஷூரன்ஸில் எஃப்.ஐ.ஆர்., இரண்டு சாவி, 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற போலீஸ் சர்டிபிகேட் எல்லாம் கேட்பார்கள். அப்புறமும் தேய்மானம் கழித்துத்தான் பணம். கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

ஸ்டியரிங் பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "டப்பாவுக்குப் பூட்டாண்ணே?" என்று சிரித்தார். ஆனால், தினமும் பூட்டுகிறார்.