எந்தத் தாளுக்கு எந்த ஸ்கேனர்?

நுரைச்சோலையில் வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கும் நாம், பத்திரங்களைப் படமாக்கிக் கணினியிற் சேர்க்க ஸ்கேனர் ஒன்று வாங்க எண்ணினோம். தாள்களைத் தானே உள்ளிழுத்து, நிமிஷத்திற்கு இருபது முப்பது பக்கங்களை முடிக்கும் வகையைக் கடைக்காரர் புகழ்ந்தார். பற்றுச்சீட்டுக் கட்டுகளுக்கு அது மெத்த நன்று. ஆனால், வீட்டிலுள்ளவை பற்றுச்சீட்டுகள் மட்டுமா?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிற் பெரும்பாலானவை புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தன. காணி உறுதியைக் கையோடு கொணர முடிந்தவர்க்கு, விட்டுவந்த மண் தமதெனக் காட்ட அதுவே சான்று. நம் பெட்டகத்திலும் அத்தகைய உறுதியொன்றுண்டு, மடிப்புகளில் இற்றுப்போயிற்று. அதை உருளைகளுக்கிடையே செலுத்தத் துணிவோமா?

ஆகவே, தாளை அசையாமல் கிடத்தும் கண்ணாடித் தட்டு வகையையே தெரிந்தோம். அதிலும் இருவிதமுண்டு. சி.ஐ.எஸ். வகை மெல்லியது, மலிவானது; ஆயினும் கண்ணாடியிற் படியாத சுருக்கங்கள் அதில் மங்கும். சி.சி.டி. வகை அவற்றையும் தெளிவாகக் காட்டும். எழுத்துக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். மங்கிய மைக்கும் சிறு புகைப்படத்திற்கும் 600 நலம். ஏ4 தட்டின் நீளம் 297 மில்லிமீற்றர். லீகல் தாளோ 356. நீண்ட உறுதியை இரு பகுதிகளாக எடுத்தல் வேண்டும்.

படம் மூல உறுதிக்கு ஈடாகாது. எனினும், மூலம் தொலைந்தால் அதன் இலக்கத்தையேனும் படம் சொல்லும். அதைக்கொண்டு காணிப் பதிவகத்தில் தேடலாம். படத்தை இரண்டு இடங்களிற் சேமித்து வைப்போமாக. வேகத்தை விலைக்கு வாங்கலாம். கிழிந்த உறுதியை வாங்க முடியுமா?