எட்டில் ஒரு பங்கு அங்குலம்

பத்திரிகைத் தொழிலில் இன்னதைத்தான் படிப்பது என்று கிடையாது. சென்ற மாதம் அமெரிக்க ரிவால்வர் அபிமானிகளின் வாதப் பிரதிவாதங்களில் தலையைக் கொடுத்தேன். சங்கீத ரஸிகர்கள் தோற்றார்கள், போங்கள்!

வழக்கெல்லாம் பழைய 'மாக்னம்' ரிவால்வர்களைப் பற்றித்தான். ஷாம்பேன் மது அடைக்கும் பெரிய புட்டிக்கு மாக்னம் என்று பெயர். வழக்கத்தைவிட வேகம் மிகுந்த தோட்டாவுக்கு அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள் என்று சொல்வார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1935-ல் '357 மாக்னம்' ரிவால்வரை வெளியிட்டது. முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போயிற்று. ஜெனரல் பாட்டன் தம்முடையதற்குத் தந்தப் பிடி போட்டுக்கொண்டார்.

1955-ல் கோல்ட் கம்பெனியின் 'பைதான்' வந்தது. அன்றிலிருந்து இரண்டு கட்சி.

"அந்த நீல மெருகுக்கு ஈடு உண்டா? விசை வெண்ணெயாக இழுபடுகிறதே!" என்பார் பைதான்காரர்.

"அழகு இருக்கட்டும். நிறையச் சுட்டால் உள்ளே கணக்குத் தப்பிவிடும். பழுது பார்க்க ஆளைத் தேட வேண்டும்!" என்பார் ஸ்மித்காரர்.

தோட்டா உருளை கோல்டில் வலமாகச் சுற்றும், ஸ்மித்தில் இடமாகச் சுற்றும். அதற்கும் ஒரு தர்க்கம் நடக்கும்! நடுவே '44 மாக்னம்' பக்தர் நுழைவார். 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளிண்ட் ஈஸ்ட்வுட் கையில் அதைப் பார்த்தபின் கடைகளில் அதற்கு ஏகக் கிராக்கி. சுட்டால் கை எகிறும் என்பதே அவருக்குப் பெருமை.

இந்தச் சந்தடியில் அதிகம் அடிபடாத ஒரு சின்ன விஷயம் என் மனத்தில் நின்றுவிட்டது. 357 தோட்டாவும் பழைய '38 ஸ்பெஷல்' தோட்டாவும் ஒரே பருமன். பழைய துப்பாக்கியில் புதுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் துப்பாக்கியே சிதறக் கூடும். ஆகவே மாக்னம் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எட்டில் ஒரு பங்கு அங்குலம், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், நீட்டிவிட்டார்கள். 38 உருளையில் அது முழுக்க நுழையாது. 38 தோட்டாவை மாக்னத்தில் தாராளமாகப் போடலாம். 44-க்கும் இதே ஏற்பாடுதான். உள்ளே ஆவி இருக்கும்வரை திறக்க மறுக்கும் குக்கர் மூடியைப் போல, மனிதர் மறந்தாலும் சாமான் மறக்காது.

யாரோ ஒருவர் வீட்டு மேஜை டிராயரில் இரண்டு தோட்டாக்களும் கலந்து கிடக்கும், அவசரத்தில் கை மாற்றி எடுக்கும் என்று முன்னாலேயே யோசித்திருக்கிறார்களே!

ஆனால் அந்த யோசனை சுடுகிறவரோடு நின்றுவிட்டது. எதிரில் நிற்பவருக்கும், அலமாரியைக் குடையும் குழந்தைக்கும் அந்த 3 மில்லிமீட்டர் காவல் இல்லை. தோட்டாவைக் கழற்றி வேறிடத்தில் வைத்து, துப்பாக்கியைப் பெட்டியில் பூட்ட வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தாம்.

பைதானா, ஸ்மித்தா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எது உசத்தி என்று என்னைக் கேட்டால், எந்த வீட்டில் பூட்டும் சாவியும் ஒழுங்காக இருக்கின்றனவோ, அந்த வீட்டு ரிவால்வர்தான் என்பேன்.