“ரிசல்ட் நல்லா வரும்ல மேடம்?”

ஆன்லைன் மீட்டிங்கில் நிதி தரும் நிறுவனத்தின் அதிகாரி கேட்ட முதல் கேள்வியே இதுதான். அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு மாலை நேர வாசிப்பு வகுப்பு. அதனால் பலன் உண்டா என்று கண்டறிய வேண்டியவர், 27 வயது ஆய்வாளர். ஆய்வே தொடங்கவில்லை. அதற்குள் ரிசல்ட்டா?

பட்டியலில் 100 பள்ளிகள். பணம் 50 பள்ளிகளுக்குத்தான்.

“நல்லா ஒத்துழைக்கிற ஹெச்.எம் இருக்கிற ஸ்கூலா எடுங்க. வருஷக் கடைசியில மார்க் ஏறினதைக் காட்டினா போதும்” என்றார் அதிகாரி.

“குலுக்கல் போட்டுத்தான் எடுக்கணும் சார்” என்றார் இவர். ஒரு வருடத்தில் எந்தக் குழந்தையும் கொஞ்சம் முன்னேறும். அது வகுப்பால் வந்ததா, வயதால் வந்ததா, நல்ல ஹெச்.எம்-மால் வந்ததா?

கென்யாவில் இப்படி ஒன்று நடந்தது. பாடப் படங்கள் கொண்ட சார்ட்டுகள் இருந்த பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் ஒப்பிட்டபோது, சார்ட் இருந்த பள்ளிகளில் மதிப்பெண் அதிகம். பிறகு 178 பள்ளிகளில் குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் சார்ட் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரமே இல்லை! அந்த ஆய்வாளர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர், 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

“அப்போ மீதி 50 ஸ்கூல் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?”

அதிகாரியின் இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்வியும்கூட. “எப்படியும் 50 பள்ளிக்குத்தான் பணம் இருக்கு. யாருக்கு முதல்லனு சீட்டு முடிவு பண்ணட்டும். பலன் இருந்தா அடுத்த வருஷம் அவங்களுக்கும் கொடுப்போம்” என்றார். அதிகாரி ஒப்புக்கொண்டார்.

ஆனால், ஒப்பந்தத்தில் ஒரு வரி இடித்தது. ‘நிறுவனத்தின் அனுமதி பெற்றே முடிவுகளை வெளியிட வேண்டும்.’

“கையெழுத்துப் போடும்மா, புராஜெக்ட் போயிடும்” என்றார் டீம் லீடர்.

அவருக்கு ஒரு பள்ளியில் பார்த்த ஐந்தாம் வகுப்புப் பையன் நினைவுக்கு வந்தான். பாடத்தைக் கடகடவென ஒப்பித்தவன், வேறு பக்கத்தைத் திருப்பியதும் மௌனமாகிவிட்டான். பலன் தராத வகுப்பில் அவன் மாலைகள் கழிந்தால், அந்த ஒரு வருடத்தை யார் திருப்பித் தருவது? அதை மறைத்தால், அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதே வகுப்புதானே?

கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை எழுதி அனுப்பினார்.

பத்து நாள்கள் பதிலே இல்லை. பதினோராம் நாள் ஒப்பந்தம் திரும்பி வந்தது. ‘முடிவு எதுவானாலும் வெளியிடலாம். நிறுவனத்தின் கருத்தும் அதில் இடம்பெறும்’ என்று அந்த வரி மாறியிருந்தது.

கூடவே, அதிகாரியிடமிருந்து ஒரு வாட்ஸ்அப்: “குலுக்கல் என்னைக்கு மேடம்? நானும் வர்றேன்.”